திரையில் அடங்காத பட்டியல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்துள்ளது போடிநாயக்கனூர். ஊரிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. அம்மலையின்மேல் ஏறிச் சென்றால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். விளைவது மலைமேல், விலை பேசுவது அடிவாரத்தில். மரநிழலில் விளைந்து, பறித்து உலர்த்தப்பட்டு, சல்லடையில் தரம் பிரிக்கப்பட்ட காய்கள் மூட்டை மூட்டையாக இறங்கி வந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் இங்கு ஏலம் விடப்படுகின்றன. காய்க்கும் ஏலம் என்று பெயர். அதனை விற்கும் முறைக்கும் ஏலம் என்று பெயர். முன்னது பழந்தமிழ்ச் சொல்; பின்னது போர்த்துக்கீசியச் சொல்லொன்றின் திரிபு என்பர். எங்கிருந்தோ வந்த இரு சொற்கள் எங்கள் ஊரில் ஒன்றாகிவிட்டன.

முன்னாளில் வணிகர்கள் வாய்விட்டுக் கூவி ஏலம் கேட்டனர். 2007-ஆம் ஆண்டில் கணினி வழி ஏலம் வந்தது. இப்பொழுது வணிகர்கள் மாதிரிக் காய்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தம் முன்னுள்ள விசையை அழுத்தி விலையை உயர்த்துகின்றனர். கூச்சல் ஓய்ந்தது. ஆயினும் ஏலம் முடிந்ததும் எழும் கேள்வி மட்டும் பழைய கேள்விதான்: "இன்றைக்கு என்ன விலை?"

அக்கேள்விக்கு விடை ஓர் அட்டவணை. வரிசை எண், நாள், ஏலம் நடத்தியவர், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்து சேர்ந்த எடை, விற்பனையான எடை, உச்ச விலை, சராசரி விலை என எட்டுக் கட்டங்கள் உடையது அது. காகிதத்தில் அச்சிட்டால் அரைத்தாளில் அடங்கிவிடும். கைபேசித் திரையிலோ அடங்குவதில்லை. அடங்காத அந்த அட்டவணையோடு மல்லுக்கட்டுவதே என் தொழிலின் பெரும்பகுதி. கடைக்காரர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இணையப் பக்கம் அமைத்துத் தருவது என் தொழில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் என்னிடம் வந்தார். மலைச்சரிவில் சிறிதளவு நிலத்தில் ஏலம் பயிரிடுபவர். அவர் ஏல மையத்துக்குச் செல்வதில்லை. அடிவாரத்துக் கடை ஒன்றில் காயைப் போட்டுப் பணம் பெறுவார். அக்கடைக்காரர் அன்றைய சராசரி விலையை அடியொற்றிக் காய்க்கு விலை கொடுப்பார். முதியவர் கைபேசியை நீட்டி, "தம்பி, போனில் ஒரு விலை, கடையில் ஒரு விலை. எது மெய்?" என்று வினவினார்.

நான் வாங்கிப் பார்த்தேன். யாரோ ஒருவர் நடத்திய விலைப்பக்கம் அது. கைபேசிக்கென்று எட்டுக் கட்டங்களை நான்காகக் குறைத்திருந்தனர். முதலில் நாள், பின்னர் எடை, அதன்பின் உச்ச விலை. நான்காவதாகிய சராசரி விலை திரையின் வலப்புறத்துக்கு அப்பால் போய் மறைந்துவிட்டது. விரலால் இழுத்துப் பார்த்தேன், அது வரவில்லை. சட்டத்துக்கு வெளியே நீளுவதை மறைத்துவிடு என்று கணினிக்குக் கட்டளையிட்டிருந்தனர். ஆதலின் அந்தப் பக்கத்தில் விலை என்ற பெயரோடு கண்ணில் பட்டது ஒன்றே: உச்ச விலை.

உச்ச விலைக்கும் சராசரி விலைக்கும் உள்ள இடைவெளி சிறிதன்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மலைக்கு அப்பாலுள்ள புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7000 ரூபாயைத் தொட்டது. நாடெங்கும் செய்தியாயிற்று. ஆனால் அன்றும் அவ்விலை பெற்றது பொறுக்கியெடுத்த பெரிய பச்சைக் காய்கள். சராசரி அதற்கு வெகு கீழே நின்றது. முதியவரோ நாள்தோறும் உச்ச விலையையே ஊர்விலை என்று நம்பியிருந்தார். பல ஆண்டுகளாகப் பழகிய கடைக்காரரைத் திருடர் என்று நாலுபேர் முன்னிலையில் ஏசிவிட்டு, என்னிடம் வந்திருந்தார். "ஐயா, விலை இன்னொன்றும் இருக்கிறது, திரை மறைத்துவிட்டது" என்று சொல்லி, கைபேசியைக் குறுக்காகத் திருப்பிக் காட்டினேன். நான்காம் கட்டம் தெரிந்தது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பக்கத்தை அமைத்தவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பது என் எண்ணம். அவர் தம் மேசைமேல் உள்ள அகன்ற திரையில் பார்த்திருப்பார்; நான்கு கட்டங்களும் அழகாக நின்றிருக்கும். அச்சுத் தொழிலாளிக்குத் தாளின் அளவு முன்னரே தெரியும். நாங்களோ தாளின் அளவு தெரியாமலே அச்சுக் கோப்பவர்கள். ஒருவர் கையில் 360 புள்ளி அகலத் திரை. ஒருவர் மேசையில் 1900 புள்ளி அகலத் திரை. இரண்டிலும் ஒரே பக்கம் நிற்கவேண்டும்.

தொடக்கத்தில் இத்தொல்லை இல்லை. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்சு-லீ 1989-இல் வலை என்னும் திட்டத்தை முன்வைத்து, அடுத்த சில ஆண்டுகளில் அமைத்த முதற் பக்கங்களில் வெறும் எழுத்தே இருந்தது. திரை அகலமானால் வரி நீளும். குறுகினால் வரி மடியும். பாத்திரத்துக்கு ஏற்பத் தண்ணீர் நிற்பது போல எழுத்து நின்றது. பக்கம் பத்திரிகை போல் இருக்கவேண்டும் என்று மனிதர் ஆசைப்பட்டபொழுதுதான் சிக்கல் பிறந்தது. இடப்புறம் பட்டி, வலப்புறம் படம், நடுவே கட்டுரை என்று நிறுத்த அப்பொழுது வழி இல்லாமையால், கணக்குப் பட்டியலுக்கென்று ஏற்பட்ட அட்டவணையையே சட்டமாக்கி, அதன் கட்டங்களுக்குள் படத்தையும் எழுத்தையும் அடைத்தனர். 1994-இல் ஹோக்கன் வியூம் லீ என்னும் நார்வே நாட்டவர், பொருள் வேறு, தோற்றம் வேறு எனப் பிரித்து, தோற்றத்துக்குத் தனியே விதிகள் எழுதலாம் என்றார். சி.எஸ்.எஸ். என்னும் அம்முறை 1996 டிசம்பரில் தரமாக ஏற்கப்பட்டது. இன்று நாங்கள் எழுதுவது அதன் வழிவந்த விதிகளையே.

மாணவர்களே, அவ்விதிகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பெட்டியின் அளவு. பத்தடி அறை வேண்டும் என்று கொத்தனாரிடம் சொன்னால் அவர் உடனே கேட்பார்: "சுவர் உட்படவா, சுவர் நீங்கலாகவா?" உள்ளே பத்தடி எனில், இருபுறமும் முக்கால் அடிச் சுவர் வைக்க வெளியே பதினொன்றரை அடி ஆகிவிடும். சி.எஸ்.எஸ். விதியில் அகலம் என்பது இயல்பாகச் சுவர் நீங்கலான அளவு. 360 புள்ளித் திரையில் 360 புள்ளிப் பெட்டியை வைத்து, இருபுறமும் 16 புள்ளி உள்வெளியும் 1 புள்ளிக் கோடும் கொடுத்தால் மொத்தம் 394 ஆகிறது. மிகுதி 34 புள்ளி திரைக்கு வெளியே. பக்கம் முழுவதும் இடமும் வலமும் ஆடும் இழிநிலை பெரும்பாலும் இதனால் வருவதே. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 மட்டும் சுவரையும் சேர்த்தே அளந்தது. தரத்துக்கு மாறானது என்று அதனை எல்லோரும் வைதனர். பின்னர் 'பாக்ஸ்-சைசிங்' என்ற விதியை ஏற்படுத்தி, 'பார்டர்-பாக்ஸ்' என்று எழுதினால் சுவர் உட்பட அளக்கலாம் என்றனர். இன்று நாங்கள் அனைவரும் முதல் வரியாக எழுதுவது அதுவே. வைத வாய்தான் வாழ்த்தியது.

இன்னொரு வரியும் மறக்கலாகாது. 2007-இல் ஐபோன் வந்தபொழுது, கைபேசிக்கென்று பக்கங்கள் அதிகம் இல்லை. ஆதலின் அக்கருவி தன்னை 980 புள்ளி அகலமுடைய திரையாகப் பாவித்துக்கொண்டு, பக்கத்தை எறும்பெழுத்தாகச் சுருக்கிக் காட்டியது. அந்தப் பாவனை இன்றும் நீங்கவில்லை. 'வியூபோர்ட்' என்னும் ஒற்றை வரியைப் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதி, "உன் உண்மையான அகலத்தையே கொள்" என்று சொன்னால்தான் கைபேசி தன் அளவை ஒப்புக்கொள்ளும்.

இவை எம்மொழிக்கும் பொது. தமிழுக்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் சாலையை நீங்கள் பார்த்திருக்கலாம். நேராக ஏற முடியாத மலையில் சாலை கொண்டை ஊசியாக வளைந்து வளைந்து ஏறுகிறது. ஜீப்புகள் வளைவில் எளிதாகத் திரும்பும். நீண்ட லாரி வந்தால் முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து திரும்பவேண்டும். பின்னால் வரும் வண்டியெல்லாம் நிற்கும். குறுகிய திரையில் வரி மடிவதும் இவ்வாறே. ஆங்கிலச் சொற்களிற் பல ஜீப்புகள். நம் சொற்களோ வேற்றுமை உருபும் சாரியையும் விகுதியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய லாரிகள். சொல்லுக்கு நடுவே வரியை முறிக்க உலாவி துணியாது. இடைவெளி உள்ள இடத்தில் மட்டுமே திருப்பும்.

முதியவர் காட்டிய பக்கத்தில் நிகழ்ந்ததும் அதுவே. எடைக்குரிய கட்டத்தின் தலைப்பில் 'விற்பனையாகியவற்றின்' என்று ஒரு சொல். பதினொரு எழுத்து. ஒரு கட்டம் தன்னுள் உள்ள மிக நீண்ட சொல்லைவிடக் குறுகாது என்பது அட்டவணையின் இயல்பு. அதன் கீழே உள்ள எண்கள் சிறியவைதாம். ஆயினும் தலைப்புச் சொல் கட்டத்தை அகட்டிப் பிடித்துக்கொண்டது. அது தள்ளிய தள்ளில் கடைசிக் கட்டம் வெளியே விழுந்தது. 'ஃப்ளெக்ஸ்' என்னும் புதுமுறையிலும் இந்த இயல்பு உண்டு. பெட்டியின் குறைந்த அளவு பூச்சியம் என்று 'மின்-விட்த்' விதியில் வெளிப்படையாக எழுதினாலன்றி, அது உள்ளிருக்கும் நெடுஞ்சொல்லைக் காத்துக்கொண்டு குறுக மறுக்கும். சிலர் சொல்லை எங்கு வேண்டுமானாலும் முறி என்று கட்டளை இட்டுவிடுவர். ஓலைச்சுவடியில் நம் முன்னோர் சொல்லுக்குச் சொல் இடைவெளியே விடாமல் எழுதி, ஓலை முடிந்த இடத்தில் முறித்து அடுத்த வரிக்குச் சென்றனர் என்பது உண்மைதான். அவர்கள் படிக்கப் பயின்றவர்கள். விலையறியக் கைபேசியைத் திறப்பவருக்கு 'விற்பனையாகியவ' என்று ஒரு வரியும் 'ற்றின்' என்று மறுவரியும் வந்தால் என்ன விளங்கும்?

பின்னர் அத்தகைய பட்டியல் ஒன்றை வேறொரு வணிகருக்கு நான் அமைக்க நேர்ந்தது. தலைப்புகளை முதலில் சுருக்கினேன்: நாள், சராசரி, உச்சம், எடை. சி.எஸ்.எஸ். விதி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும். அடுத்து வரிசையை மாற்றினேன். யார் எதற்காக வருகிறாரோ அது இடப்புறத்தில், நாளுக்கு அடுத்தபடியாக நிற்கவேண்டும். அகலம் போதாமல் ஏதேனும் விழுந்தாலும் எடைதான் விழும், விலை விழாது. மூன்றாவதாக, விழுவதையும் மறைக்காமல், விரலால் இழுத்தால் வரும்படி விட்டேன். உலாவியில் கிடக்கை வாட்டத்தில் உருளச் செய்யும் விதி ஒன்று உண்டு. எழுதுவது ஒரே வரி. மறைக்கும் விதியும் ஒரே வரிதான்.

எட்டுக் கட்டமும் வேண்டும் என்றார் அவ்வணிகர். அதற்கும் வழி உண்டு. ஏலக்காயைத் தரம் பிரிக்கும் சல்லடைகளைப் பாருங்கள். 8 மில்லிமீட்டர்க் கண்ணில் நிற்பது ஒரு தரம். அதில் விழுந்து 7 மில்லிமீட்டரில் நிற்பது மற்றொரு தரம். எங்களிடமும் அத்தகைய சல்லடை உண்டு. திரை 600 புள்ளிக்கு மேற்பட்டால் எட்டுக் கட்ட அட்டவணை. குறைந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு சீட்டு, சீட்டின் தலையில் பெரிய எழுத்தில் சராசரி, அதன்கீழ் மற்றவை என்று வகுத்தேன். 2010-இல் ஈத்தன் மார்க்காட் என்னும் அமெரிக்கர் இம்முறைக்குப் பெயரிட்டு விளக்கி எழுதிய பின்னர் உலகெங்கும் பரவியது. சீட்டுக்குள் எண்களைக் கட்டம் கட்டமாக நிறுத்த, 2017-இல் பெரிய உலாவிகள் யாவும் ஏற்றுக்கொண்ட 'கிரிட்' முறை உதவியது. அதற்கு முன்னர் 'ஃப்ளோட்' என்ற விதியால் பெட்டிகளை மிதக்கவிட்டு, அவை சரிந்து கீழே போகாதபடி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பெட்டியை மேலும் கீழும் சமமாக நடுவில் நிறுத்துவதற்கு அந்நாளில் பட்ட பாட்டை இப்பொழுது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இன்று அதற்கு இரண்டு வரி போதும்.

எழுத்தின் உயரம் வேறொரு தொல்லை. ஆங்கிலத்துக்கென்று வகுத்த வரியுயரத்தைத் தமிழுக்கும் வைத்துவிடுகின்றனர். நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும் உண்டு. கீழே உகரத்தின் வாலும் உண்டு. இறுக்கமான பொத்தானில் எழுதினால் மேல்விளிம்பில் புள்ளி வெட்டுப்படும். புள்ளிதானே என்று எண்ணவேண்டா. 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். பல் மருத்துவர் ஒருவரின் பக்கத்தில் 'பல மருத்துவமனை' என்று பொத்தான் நின்றதை நானே கண்டேன். வரியுயரத்தை எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைத்து, பொத்தானுக்குக் கட்டான உயரம் கொடாமல் விட்டால் புள்ளி பிழைக்கும். வரியின் இருபுறமும் நேராக நிற்கவேண்டும் என்று சிலர் விரும்புவர். அச்சு நூலில் அழகுதான். குறுகிய திரையில் நெடுஞ்சொற்களுக்கிடையே ஆற்றுப்படுகை போல வெள்ளை இடம் ஓடும். இடப்புறம் மட்டும் நேராக விடுவதே தமிழுக்கு நல்லது.

தமிழ் இணையத்தில் ஏறிய வரலாறு தனி நூலாக எழுதத் தக்கது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை வலையில் ஏற்றிய முன்னோடி. அதன்பின் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவும் குறியீடும் வகுக்க, ஒருவர் பக்கத்தை மற்றொருவர் கணினி திறந்தால் கிறுக்கலாகத் தெரிந்தது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. குறியீட்டுக் குழப்பம் இன்று தீர்ந்தது. ஆனால் அழகிய எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் ஆசை புதிய தொல்லை தந்தது. மலைச்சரிவில் அலை தேயும் இடங்களில் எழுத்துரு வந்து சேரும்வரை பக்கம் வெறுமையாக நிற்கும். கைபேசியில் உள்ள எழுத்தை முதலில் காட்டு, பின்னர் மாற்றிக்கொள் என்று ஒரு விதியால் சொல்லலாம். அப்படி மாற்றும்பொழுது வரிகள் நகரும். படங்களும் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளும். ஒரு கடையை அழைக்க விரலை நீட்டுகையில் பொத்தான் நகர்ந்து, வேறொரு கடைக்கு அழைப்புப் போவதைப் பலரும் அனுபவித்திருப்பர். படத்தின் அகலமும் உயரமும் இன்னவை என்று முன்னரே எழுதிவைத்தால், படம் வருமுன்பே அதற்குரிய இடம் காத்திருக்கும். திருமண வீட்டில் இலை போட்டு வைப்பது போல.

பக்கம் முடிந்ததும் என் சோதனை ஒன்று உண்டு. பழைய, மலிவான கைபேசியை எடுத்துக்கொண்டு நண்பகல் வெயிலில் பேருந்து நிலையத்தில் நின்று பார்ப்பேன். சாம்பல் நிற எழுத்து அங்கே தோற்றுவிடும். கைபேசியின் அமைப்பில் எழுத்தை இருமடங்கு பெரிதாக்கியும் பார்ப்பேன். கண் மங்கிய பெரியவர்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றனர். எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் திரும்பி வந்து திருத்துவேன்.

இவ்வளவுக்கும் அடங்காமல் எங்கள் ஊர்ப் பெயர் ஒன்று இருக்கிறது. 'போடிநாயக்கனூர்' நமக்கு எட்டு எழுத்து. கணினிக்கு உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் பதினான்கு குறி. நீண்ட பெயர்களைப் பதின்மூன்று குறியோடு வெட்டிக் காட்டும் பக்கம் ஒன்றில் எங்கள் ஊர் 'போடிநாயக்கனூர' என்று புள்ளி இழந்து நின்றது. முகவரிப் பெட்டியில் அது மடியாது; பெட்டியைத் தள்ளும். போடி என்பதற்கும் நாயக்கனூர் என்பதற்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத மென்முறிவுக் குறி ஒன்றை வைத்து எழுதுகிறேன். இடம் இருந்தால் பெயர் ஒன்றாக நிற்கும். இடம் இல்லாவிட்டால் சிறுகோடு ஏந்தி அங்கேயே மடியும். அதற்கும் இடம் கொடாத மிகச் சிறிய கட்டங்களில், ஊரார் பேச்சில் வழங்குவது போலப் 'போடி' என்று மட்டும் எழுதிவிடுகிறேன்.